பாடலும் பாடிய பொழுதும்: கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் இரசிகர் கண்ட பொருள்கோள்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்னும் ராக் இசைக்குழுவின் இரசிகர்கள் அக்குழுவின் பாடல்களுக்குப் பொருள் கண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்லின் மூலங்களைத் தேடுதல், பாடலாசிரியரின் கருத்தை நாடுதல், பாடிய பொழுதைச் சான்றாகக் கொள்ளுதல் என மூன்று வழிகள் அவர்களிடம் காணப்படுகின்றன. இவற்றுள் மூன்றாவதே இரசிகரின் தனிப் பங்களிப்பு என்பதும், அவ்வழிக்கும் பாடலின் சொல்லே எல்லையாக நிற்க வேண்டும் என்பதும் ஐந்து பாடல்களின் வழி நிறுவப்படுகின்றன. புறநானூற்றின் கொளுக்குறிப்புகள், நச்சினார்க்கினியர் உரை பற்றிய மறைமலையடிகளின் மறுப்பு ஆகியன ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இரசிகர், பொருள்கோள், கூற்று, கொளு, ராக் இசை, ராபர்ட் ஹண்டர்

முன்னுரை

இரசிகர் ஒருவர் தாம் விரும்பும் இசைக்குழுவின் பாடலுக்குக் கூறும் விளக்கத்தைத் திறனாய்வாகக் கொள்ளும் வழக்கம் கல்வியுலகில் நெடுங்காலம் இல்லை. பற்று மிகுந்தவரிடம் நடுநிலை இராது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 1980இல் ஸ்டான்லி ஃபிஷ் பொருளை உருவாக்குவது வாசகக் குழுமமே என வாதிட்டதும், 1992இல் ஹென்றி ஜென்கின்ஸ் இரசிகரைப் பனுவலைத் தம் தேவைக்கேற்ப எடுத்தாளும் ஆக்கச் செயலராகக் காட்டியதும் இந்நிலையை மாற்றின. ஆயினும் இம்மாற்றம் வேறொரு மிகைக்கு இடம் தந்தது. இரசிகர் கூறும் எப்பொருளும் ஏற்புடையதே என்ற நிலைப்பாடு அது. முன்னைய மறுப்பும் பின்னைய ஏற்பும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டும் இரசிகரின் விளக்கத்தைச் சான்று கொண்டு சோதிப்பதில்லை.

இரசிகரின் விளக்கங்களுள் எது ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது, அதனைத் துணியும் அளவுகோல் யாது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். அவற்றுக்கு விடை காணக் கிரேட்ஃபுல் டெட் குழுவின் இரசிகர்கள் தக்க சான்றாவர். அவர்கள் பாடல்களைக் கேட்டதோடு அமையாமல், அவை பாடப்பட்ட நாளையும் இடத்தையும் வரிசையையும் பதிவு செய்து காத்தவர்கள்.

குழுவும் இரசிகர் மரபும்

கலிபோர்னியாவில் 1965இல் தோன்றிய இக்குழு 1995 வரை ஏறத்தாழ 2300 நிகழ்ச்சிகளை நடத்தியது. ஜெரி கார்சியா, பாப் வியர், ஃபில் லெஷ் முதலியோர் மேடையில் பாடினர். பெரும்பாலான பாடல்களை எழுதியவர் ராபர்ட் ஹண்டர். வியர் இசையமைத்த பாடல்கள் பலவற்றை ஜான் பெரி பார்லோ எழுதினார். ஹண்டர் குழுவின் நிகழ்ச்சிகளில் இசைக்கலைஞராக இடம்பெறவில்லை. எனினும் குழுவின் உறுப்பினராகவே கருதப்பட்டார். 1994இல் குழு ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது அவர் பெயரும் இடம்பெற்றது.

இக்குழுவின் நிகழ்ச்சிகளில் பாடல்வரிசை நாள்தோறும் மாறும். ஒரே பாடல் ஓரிரவில் சில நிமிடங்களில் முடியும். மற்றோர் இரவில் நீண்ட இசை விரிவாக வளரும். ஆதலால் ஒரு நிகழ்ச்சியைக் கண்டவர் மறு நிகழ்ச்சியையும் காண விரும்பினர். ஊர் ஊராகக் குழுவைப் பின்தொடர்ந்த இவர்கள் ‘டெட்ஹெட்’ எனப்பட்டனர். நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிவு செய்ய இரசிகருக்குக் குழு இசைவளித்தது. 1984இல் பதிவாளருக்கென அரங்கில் தனி இடமும் ஒதுக்கியது. நாடாக்களைப் பணத்திற்கு விற்றலாகாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது இரசிகரிடையே நிலவிய நெறி. ஒவ்வொரு நாடாவின் உறையிலும் நாள், ஊர், அரங்கு, பாடல்வரிசை ஆகியவற்றைக் குறிப்பது வழக்கம். கையால் எழுதிய இச்சிறு குறிப்புகளே பின்னர் பெருந்தொகுப்புகளுக்கு அடிப்படையாயின. ஒரு பாடல் எப்பொழுது முதலில் பாடப்பட்டது, எத்தனை ஆண்டு பாடப்படாமல் இருந்தது, எப்பாடலைத் தொடர்ந்து வந்தது என்பவற்றை இரசிகர் அறிந்திருந்தனர். அவர்தம் பொருள்கோள் இவ்வறிவின் மேல் எழுந்தது.

சொல்லின் மூலம் தேடல்

முதல் வழி, பாடலில் வரும் சொல்லும் தொடரும் எங்கிருந்து வந்தன எனத் தேடுவது. ஹண்டரின் பாடல்களில் விவிலியமும், நாட்டுப்புறப் பாடலும், சூதாட்ட வழக்கும், குழந்தைப்பாட்டும் விரவிக் கிடக்கின்றன. நூலகரான டேவிட் டாட் இவற்றின் மூலங்களைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்தார். இரசிகர் பலர் அனுப்பிய குறிப்புகளும் இப்பணியில் சேர்ந்தன. இது 2005இல் முழுமையான குறிப்புரை நூலாக வெளிவந்தது.

இவ்வழியின் பயனுக்கு ‘ரிப்பிள்’ என்னும் பாடல் எடுத்துக்காட்டு. 1970இல் இலண்டனில் ஹண்டர் எழுதிய இப்பாடலில் இருபத்து மூன்றாம் திருப்பாடலின் சாயல் உண்டு. அதன் பல்லவி பதினேழு அசைகளால் ஆனது; ஆதலால் ஜப்பானிய ஹைக்கூவுடன் அதனை இணைத்துப் பேசுவர். முதலாவது கூற்றுக்குப் பாடலின் சொற்களே சான்றாக உள்ளன. இரண்டாவதற்கு எண்ணிக்கை மட்டுமே சான்று. அடிதோறும் அசைகள் பகிர்ந்து நிற்கும் முறை ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்னும் அமைப்போடு பொருந்தவில்லை. இரண்டையும் ஒரே உறுதியுடன் கூறுவது பிழை. மூலம் காட்டுவது விளக்கத்தின் தொடக்கமே ஆகும். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதால் மட்டும் அச்சொல் இங்கு என்ன செய்கிறது என்பது விளங்கிவிடாது.

ஆசிரியர் கருத்து

இரண்டாம் வழி, எழுதியவரையே வினவுவது. ஹண்டர் தம் பாடல்களை விளக்குவதைப் பொதுவாகத் தவிர்த்து வந்தவர். இதற்கு விலக்காக அமைந்தது 1996இல் அவர் எழுதிய ஒரு விடை. ஹண்டரின் பாடல்வரிகள் உறுதியான ஒரு பொருளுக்குள் அடங்க மறுப்பன என்னும் கருத்துடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கண்ட அவர், ‘ஃபிராங்க்ளின்ஸ் டவர்’ என்ற பாடலைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு பொருள் உரைத்தார்.

இப்பாடல் 1975இல் வெளியான ‘புளூஸ் ஃபார் அல்லா’ தொகுப்பில் உள்ளது. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு அப்பொழுது நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிலுள்ள ஃபிராங்க்ளின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினையும், பாடலில் வரும் மணி ஃபிலடெல்பியாவின் விரிசலுற்ற விடுதலை மணியையும் குறிக்கும் என்றும், இளம் நாட்டுக்கும் தம் இளமகனுக்கும் ஒருசேரக் கூறிய வாழ்த்தே பாடல் என்றும் ஹண்டர் விளக்கினார். இவ்விளக்கம் பாடலின் சொற்களோடு பொருந்துகிறது. மணியை ஒலிக்கும் குழந்தை, நான்கு திசைக் காற்று, விதைப்பும் அறுவடையும் பற்றிய எச்சரிக்கை ஆகிய உருவகங்கள் தம்முள் தொடர்பு பெறுகின்றன. பொருள் இல்லை என்ற துணிவு இதனால் தகர்ந்தது.

எனினும் ஆசிரியரின் விடை மற்றொரு வினாவை எழுப்புகிறது. இப்பாடல் இருபது ஆண்டுகளாக அரங்குகளில் பாடப்பட்டு வந்தது. அவ்வளவு காலமும் விடுதலை மணியை எண்ணாமல் அதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பாடலைப் புரிந்துகொள்ளவில்லை எனலாமா? அவர்கள் வாழ்த்தின் தொனியை உணர்ந்திருந்தனர். வாழ்த்தப்பட்டோர் யாவர் என்பதை மட்டுமே அறியாதிருந்தனர். தொனி பாடலுக்குள் இருக்கிறது. முன்னிலை யார் என்ற செய்தி பாடலுக்கு வெளியே ஆசிரியரிடம் இருந்தது. ஆசிரியர் கருத்து பொருளை நிறைவாக்கும். அக்கருத்து தெரியாத நிலையில் பாடல் வெறுமையாகிவிடுவதில்லை.

இகழ்ச்சி இரங்கலானது

மூன்றாம் வழி, பாடிய பொழுதைச் சான்றாகக் கொள்ளுதல். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஹீஸ் கான்’. அவன் போய்விட்டான் என்பது தலைப்பின் பொருள். குழுவின் மேலாளராக இருந்த லென்னி ஹார்ட், குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் தந்தை. அவர் குழுவின் பணத்தைக் கையாடி 1970இல் தலைமறைவானார். பின்னர் பிடிபட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்நிகழ்வின் பின்னணியில் எழுந்த இப்பாடல் 1972 ஏப்ரல் 17 அன்று கோபன்ஹேகனில் முதலில் பாடப்பட்டது. தொடக்கத்தில் வரும் எலி உருவகமும், களவைச் சுட்டும் பகுதியும் இகழ்ச்சிக் குறிப்புடையன. போனவன் ஒழிந்தான் என்ற ஆறுதலே அதன் முதற்பொருள்.

1981 மே 5 அன்று, வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் அறுபத்தாறு நாள் உண்ணாநோன்பிருந்த பாபி சாண்ட்ஸ் உயிர்நீத்தார். மறுநாள் நியூயார்க் மாநிலத்தின் நசாவ் அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் பாப் வியர் இப்பாடலைச் சாண்ட்ஸுக்கு உரித்தாக்கினார். கையாடியவனைப் பழித்த பாடல் கொள்கைக்காக உயிர்விட்டவனுக்கு இரங்கற்பாவானது. அந்நிகழ்ச்சியின் பதிவு 1999இல் முறையாக வெளியிடப்பட்டது. ஆதலால் இச்செய்தி கேள்விவழிக் கதையாக நின்றுவிடவில்லை.

இம்மாற்றம் எவ்வாறு இயன்றது? பாடலில் போனவனின் பெயர் இல்லை. அவன் செய்த குற்றம் நேரடியாகக் கூறப்படவில்லை, உருவகமாகவே உள்ளது. இறுதிப் பகுதியில் போனவன் மீளான் என்ற கருத்து குழுப்பாடலாக மீள மீள ஒலிக்கிறது. முதலில் நிம்மதியாக ஒலித்த இப்பகுதி சாவின் பின்னணியில் துயரமாகிறது. சொல் மாறவில்லை; அவன் என்ற சுட்டின் இலக்கு மாறியது.

இரசிகரின் விளக்கம் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுவே. இரங்கற்பா என்று மட்டும் இப்பாடலைக் கொண்டால் எலி உருவகத்துக்கு இடம் இல்லை. அதனை விட்டுவிட்டு இறுதிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது பாடலைக் குறைப்பதாகும். நசாவ் அரங்கில் இப்பாடல் சாண்ட்ஸுக்கு இரங்கலாக நின்றது என்பது சரியான கூற்று. ‘ஹீஸ் கான்’ என்பதே இரங்கற்பா என்பது மிகையான கூற்று. முன்னது நிகழ்த்துதல் பற்றியது. பின்னது பனுவல் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இரசிகர் விளக்கங்களில் காணப்படும் பெரும்பான்மைக் குழப்பங்களுக்கு வேர்.

ஒருமையும் பன்மையும்

பொழுதும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நின்ற இடமும் உண்டு. ‘டச் ஆஃப் கிரே’ 1982 செப்டம்பரில் முதலில் மேடையேறியது. நரை தொடங்கிய பருவத்தில் இடர்களுக்கிடையே பிழைத்துக்கொள்வேன் எனக் கசப்பும் எள்ளலும் கலந்து கூறும் பாடல் அது. 1986 ஜூலையில் கார்சியா நீரிழிவு காரணமாக நினைவிழந்து உயிராபத்தான நிலையை அடைந்தார். தேறியபின் கிதார் இசைக்கவே மீண்டும் பழக வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று ஓக்லண்டில் குழு மீண்டும் மேடையேறியபோது இப்பாடலே முதலில் பாடப்பட்டது. பிழைத்தலைக் கூறும் பல்லவியை அரங்கு பேரொலியுடன் வரவேற்றது.

1987இல் ‘இன் தி டார்க்’ தொகுப்பில் வெளியான இப்பாடல் பில்போர்டு பட்டியலில் 9ஆம் இடம் பெற்றது. குழுவின் பாடல்களுள் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது இது ஒன்றே. கார்சியாவின் மீட்சிக்காகவே எழுதப்பட்டது எனப் புதிதாய்ச் சேர்ந்த கேட்போர் கருதுவதற்கு இடம் இருந்தது. நாடாக்களின் வரிசையை அறிந்த பழைய இரசிகர், நோய்க்கு நான்கு ஆண்டுகள் முன்பே பாடல் இருந்ததை அறிந்திருந்தனர். இங்கு இரசிகரின் ஆவணம் தவறான விளக்கத்தைத் தடுக்கும் சான்றாகப் பயன்படுகிறது.

பல்லவி பாடல் முழுவதும் தன்மை ஒருமையில் வருகிறது. இறுதியில் தன்மைப் பன்மையாக மாறுகிறது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல், கேட்பவரை உள்ளடக்குமா என்பதை வெளிப்படக் காட்டுவதில்லை. தமிழில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு உண்டு. முன்னிலையாரையும் உட்கொள்ளும் பன்மையை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என இலக்கணம் கூறும். இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கினால் ஓக்லண்டில் நிகழ்ந்தது தெளிவாகும். மேடையில் நின்ற குழுவினரை மட்டும் சுட்டும் நாங்களாகவும் அப்பன்மையைக் கொள்ளலாம். அரங்கினர் அதனை நாமாகவே கேட்டனர். பிழைத்தவர் கார்சியா மட்டுமல்லர். அவரோடு தாமும் பிழைத்ததாக அவர்கள் உணர்ந்தனர். இவ்விளக்கம் உணர்ச்சியால் எழுந்ததே. ஆயினும் இறுதியில் அமைந்த ஒருமை பன்மை மாற்றம் அதற்கு இடம் தருகிறது. சொல் இடம் தந்த பொருளைப் பொழுது தெரிந்தெடுத்தது.

பின்னோக்கிய பொருள்

‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’ 1970இல் வெளியான ‘அமெரிக்கன் பியூட்டி’ தொகுப்பின் முதற்பாடல். இறக்கும் நிலையிலிருந்த தம் தந்தைக்குப் பாடுவதற்காக ஃபில் லெஷ் மெட்டமைத்தார். அதற்கு ஹண்டர் சொல் தந்தார். 1970களின் முற்பகுதியில் மேடையில் பாடப்பட்ட இது பின்பு கைவிடப்பட்டது. இரசிகர் இதனை நெடுங்காலம் வேண்டிவந்தனர். 1986 மார்ச்சில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் மீண்டும் பாடப்பட்டது.

1995 ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் நடந்த நிகழ்ச்சியின் கடைசிப் பாடலாக இது அமைந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டு 9 அன்று, கார்சியா காலமானார். குழுவின் முப்பதாண்டுப் பயணம் முடிவுற்றது. அதன்பின் இரசிகர் பலர் சிகாகோவில் பாடப்பட்டதை விடைபெறும் பாட்டாகக் கொண்டனர். மரணப் படுக்கையிலிருந்த தந்தைக்காக எழுந்த பாடல், மரணத்தின் விளிம்பில் நின்ற தலைவரின் இறுதி மேடையில் ஒலித்தது என்பது அவர்தம் கருத்து.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அன்றிரவு இது கடைசி நிகழ்ச்சி என்பது பாடியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. எனவே விடைபெறுதல் பாடியவரின் கருத்தாக இருக்க இயலாது. அப்பொழுதின் பொருளாகவும் இருக்க இயலாது. ஓக்லண்டின் பொருள் அன்றே அரங்கில் நிகழ்ந்தது. சிகாகோவின் பொருள் பின்னர் வந்தது. இதனைப் பொய் என ஒதுக்குவதும் பொருந்தாது. இழப்புக்குப் பின் ஒரு குழுமம் தன் நினைவை ஒழுங்குபடுத்தும் முறை இது. பாடல் இறத்தலைப் பற்றியது என்பதால் அந்நினைவுக்குப் பாடலுக்குள்ளேயே ஆதாரமும் உண்டு. ஆயினும் அதைத் தீர்க்கதரிசனமாகக் கூறும்போது விளக்கம் நம்பிக்கையாகிவிடுகிறது. பின்வந்த பொருளைப் பின்வந்தது எனக் கூறுவதே ஆய்வு நேர்மை.

கொளுவும் மாட்டும்

இச்சிக்கல் தமிழாய்வுக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பாடல்களின் கீழ் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் குறித்த குறிப்புகள் உள்ளன. 112ஆம் பாடலில் பாரியின் பெயர் இல்லை. பறம்பின் பெயரும் இல்லை. சென்ற திங்களில் தந்தையும் குன்றும் இருந்தன, இத்திங்களில் இரண்டும் இல்லை என்பதே அதன் செய்தி. பாரி மகளிர் பாடியது என்ற குறிப்பே அதற்குப் பொழுதையும் ஆளையும் தருகிறது. அக்குறிப்பை நீக்கினும் இழப்பின் துயரம் பாடலில் நிற்கும். குறிப்போடு படிக்கையில் அத்துயரம் வரலாறு பெறும். நாடாவின் உறைமேல் இரசிகர் எழுதிய குறிப்பு செய்வதும் இத்தகைய பணியே.

வேறுபாடும் உண்டு. புறநானூற்றுக் குறிப்புகள் பாடல் தோன்றிய காலத்தவையா, தொகுத்த காலத்தவையா என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. நாடாவின் குறிப்பை நாடாவின் ஒலியைக் கொண்டே சரிபார்க்கலாம். எனவே பொழுது பற்றிய சான்றில் இரசிகரின் ஆவணம் வலிமையுடையது.

எல்லை பற்றிய பாடத்தையும் தமிழ் உரைமரபிலிருந்து பெறலாம். முல்லைப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் உத்தியால் அடிகளை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்தார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதனை மறுத்து, பாட்டு நடந்த முறையிலேயே பொருள் காண முற்பட்டார். உரையாசிரியரின் புலமை குறித்து எழுந்த மறுப்பு அன்று இது. புலமை பாட்டின் அமைப்பை மீறலாமா என்பது பற்றியது. எலி உருவகத்தை விட்டுவிட்டு ‘ஹீஸ் கான்’ பாடலை இரங்கற்பாவாக மட்டும் கொள்ளும் இரசிகருக்கும் இம்மறுப்பு பொருந்தும். பற்றும் புலமையும் பாடலுக்கு அருகில் கொண்டுசெல்லும். பாடலின் இடத்தில் அவை அமரலாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. இரசிகரின் விளக்கம் பற்றினால் எழுவது என்பதற்காகத் தள்ளத்தக்கதன்று. அப்பற்றே நாடாக்களையும் பாடல்வரிசைகளையும் காத்துச் சான்றுகளை உருவாக்கியது.

2. சொல்லின் மூலம், ஆசிரியர் கருத்து, பாடிய பொழுது என்ற மூன்றனுள் முதலிரண்டும் பிற திறனாய்வுகளிலும் உள்ளன. மூன்றாவது இவ்விரசிகரின் தனிப் பங்களிப்பு.

3. பொழுது தரும் பொருள் மூவகை. பாடியவர் வெளிப்பட உரித்தாக்கியது, அரங்கில் அப்பொழுதே நிகழ்ந்தது, பின்னர் நினைவில் சேர்ந்தது ஆகியன அவை. நசாவ், ஓக்லண்டு, சிகாகோ நிகழ்ச்சிகள் முறையே இவற்றுக்குச் சான்று.

4. மூவகைக்கும் சொல்லே எல்லை. சுட்டின் இலக்கையும் தொனியின் அழுத்தத்தையும் பொழுது மாற்றலாம். உள்ள சொல்லை இல்லாததாக்க அதனால் இயலாது.

திரைப்பாடல், மேடைக் கச்சேரி, நாட்டுப்புற நிகழ்த்துகலை ஆகியவற்றைத் தமிழில் ஆராய்வோர் அச்சிட்ட பாடத்தையே பெரிதும் சார்ந்துள்ளனர். எந்நாளில், எவர்முன், எந்நிகழ்வின் பின் ஒரு பாடல் பாடப்பட்டது என்ற பதிவுகள் தனிமனிதர் சேமிப்பில் உள்ள ஒலிநாடாக்களிலும் குறிப்பேடுகளிலும் இருக்கக்கூடும். நாடா நாள்பட நலிவுறும். எழுதியவர் மறைந்தபின் அதன் குறிப்பை விளக்க ஆள் இராது. இத்தகைய இரசிகர் சேமிப்புகளை ஆய்வு மூலங்களாக ஏற்றுத் தொகுப்பது காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணியாகும்.